கம்பஸ் போகும் பிள்ளைகளின் உடுப்புச் செலவு: யார் கட்டுவது, எவ்வளவு, எப்படி?

வெள்ளவத்தை_அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். மூத்தவளுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடம் கிடைத்திருக்கிறது. இளையவன் உயர்தரம் முடித்துவிட்டுத் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கியல் படிக்கிறான். இரண்டு பேரும் வீட்டில் இருந்துதான் போய்வருவார்கள்.

பள்ளிக்கூடக் காலத்தில் உடுப்புக்கென்று தனிக் கணக்கு வைத்ததில்லை. கிழமையில் ஐந்து நாளும் வெள்ளைச் சீருடை, ரியூசனுக்கு இரண்டு மூன்று சட்டை, தீபாவளிக்கும் சித்திரை வருசத்துக்கும் புது உடுப்பு, அவ்வளவுதான். இனி ஒவ்வொரு நாளும் வேறு உடுப்பு வேண்டும். படிப்பு முடியும் வரை முழுச் செலவும் எங்களுடையது என்று மனைவி சொல்கிறா. பதினெட்டு தாண்டினால் அடிப்படை மட்டும்தான் பெற்றோர் பொறுப்பு என்பது என் தம்பியின் எண்ணம். பிள்ளைகள் காசைக் கையில் தந்தால் போதும், கடைக்குக் கூட வரத் தேவையில்லை என்கிறார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவு. முழுதாகக் கட்டுவது சரியா? காசாகக் கொடுப்பதா, கூட்டிக்கொண்டு போய் வாங்கிக் கொடுப்பதா? மாதம் எவ்வளவு என்று எப்படிக் கணக்குப் போடுவது? மகளுக்கு மகாபொல புலமைப்பரிசில் கிடைத்தால் அதைக் கழிக்கலாமா? மகளுக்கும் மகனுக்கும் ஒரே தொகையா?

பேரேடு:

ஐயா, கட்டுங்கள். ஆனால் தொகையை முதலே சொல்லி, எழுதி வைத்து, என்ன வாங்குவது என்பதை அவர்களிடம் விட்டுவிடுங்கள். அளவு சொல்லாமல் கேட்கும்போதெல்லாம் கொடுக்கிற வீட்டில்தான் சண்டை வருகிறது. அங்கே ஒவ்வொரு சட்டையும் ஒரு விண்ணப்பம், ஒரு விசாரணை, ஒரு தீர்ப்பு. பிள்ளைக்கும் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாததால் திட்டமிடப் பழகாது.

தொகைக்கு முதல், எது இந்தக் காசில் வரும், எது வராது என்று பிரியுங்கள். உள்ளுடுப்பு, மாதவிடாய்த் துவாய், ஆய்வுகூடக் கோட், பீடம் கட்டாயம் என்று சொல்லும் சப்பாத்து, குடை, கண்ணாடி: இவை வீட்டுச் செலவு. அரிசி பருப்போடு சேர்த்துக் கட்ட வேண்டியவை. இவற்றை உடுப்புக் காசுக்குள் போட்டால் பிள்ளை முதலில் வெட்டுவது இவற்றைத்தான், ஏனென்றால் வெளியே தெரியாது. இலாஸ்ரிக் போன உள்ளுடுப்பையும் தேய்ந்த சப்பாத்தையும் இன்னும் ஆறு மாதம் இழுத்துக்கொண்டு புது மேற்சட்டை வாங்கும். தினசரி உடுப்பு, செருப்பு, பை, நிகழ்ச்சிகளுக்கான ரீசேட், தைப்புக் கூலி ஆகியவை உடுப்புக் காசில் வரட்டும். மூன்றாவது வகை, யார் கேட்கிறாரோ அவர் கட்டுவது. மச்சாளின் கலியாணத்துக்குப் பட்டுச் சேலை உடுத்த வேண்டும் என்று அம்மா விரும்பினால் அது அம்மாவின் செலவு. மகளின் காசில் கை வைக்கக் கூடாது.

இனித் தொகை. மற்ற வீடுகளில் எவ்வளவு என்று கேட்டு முடிவெடுக்க வேண்டாம், எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள். அலுமாரியில் இருப்பதை எல்லாம் கட்டிலில் கொட்டி, கம்பஸுக்கு உடுக்கக்கூடியதை மட்டும் எண்ணுங்கள். கிழமையில் ஐந்து நாள் விரிவுரை, இரண்டு தரம் தோய்ப்பது என்றால் நான்கு மேற்சட்டை போதும் என்று தோன்றும். கொழும்பில் அது போதாது. மே தொடக்கம் தென்மேற்குப் பருவ மழை, பிறகு ஒக்டோபர், நவம்பர் மழை. வெள்ளவத்தை மாடிவீட்டுப் பல்கனியில் கடற்காற்றின் ஈரத்தில் டெனிம் காய இரண்டு நாள் எடுக்கும். அதனால் ஏழு மேற்சட்டை, மூன்று கீழுடுப்பு என்பது வீண்செலவில்லை, அதுதான் தேவை.

ஒரு மாதிரிக் கணக்கு. விலைகள் நான் வைத்த நடுத்தர எண்கள், நீங்கள் போகும் கடைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் மேற்சட்டை 7, ஒன்று 2,000 ரூபாய் வீதம் 14,000. கீழுடுப்பு 3, ஒன்று 4,000 வீதம் 12,000. செருப்பு 3,500, பை 4,500. மொத்தம் 34,000. இருப்பதைக் கழித்தால் பெரும்பாலான வீடுகளில் இதில் பாதிதான் வரும்.

அதற்குப் பிறகு வருடச் செலவு. மேற்சட்டை 4 மாற்ற 8,000, கீழுடுப்பு 2 மாற்ற 8,000, செருப்பு 3,500, இரண்டு வருசத்துக்கு ஒரு பை என்பதால் அதில் பாதி 2,250, சங்கம், பட்ச் (ஒரே வருட மாணவர் குழு), விளையாட்டு விழா என்று வரும் ரீசேட்டுகள் நான்குக்கு 6,000. இது 27,750. விருப்பத்துக்கு என்று 8,250 சேர்த்தால் வருடம் 36,000, மூன்று மாதத்துக்கு 9,000. அந்த 8,250ஐ வெட்ட வேண்டாம். தெரிவு என்று ஒன்று இருக்கும் இடம் அது மட்டும்தான்.

மாதம் 3,000 கொடுப்பதை விட மூன்று மாதத்துக்கு ஒருமுறை 9,000 நல்லது என்பது என் நிலைப்பாடு. 3,000இல் ஒரு நல்ல டெனிம் வராது. அதனால் மலிவாக ஏதோ ஒன்றை வாங்குவார்கள், அல்லது அந்தக் காசு கன்ரீனிலும் முச்சக்கரவண்டியிலும் கரைந்துவிடும். ஜனவரி, ஏப்ரல், யூலை, ஒக்டோபர் என்று வைத்தால் சித்திரை வருசத்துக்கும் தீபாவளிக்கும் பொருந்தும். பிள்ளையின் பெயரில் தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்று திறந்து, பாங்கில் நிலையான கட்டளை (தவணை நாளில் காசு தானாகப் போகும் ஏற்பாடு) கொடுத்துவிடுங்கள். உணவு, பஸ் காசு அந்தக் கணக்குக்குப் போகக் கூடாது. இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் மதியச் சாப்பாட்டைத் தவிர்த்துச் சட்டை வாங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதை வீட்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

காசு முடிந்தால் மேலதிகம் இல்லை. அடுத்த தவணையிலிருந்து பாதி வரை முற்பணம் மட்டும். இந்த ஒரு இடத்தில் தளர்ந்தால் முழு ஏற்பாடும் போய்விடும். ஒரு விதிவிலக்கு உண்டு: உடம்பு பெருத்தோ மெலிந்தோ அளவு மாறினால் அது தேவை, தவணைக்கு வெளியே கட்டுங்கள். முதல் வருடத்தில் இது நிறையப் பேருக்கு நடக்கும்.

மகாபொலவைக் கழிக்காதீர்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக்கினார்கள். பர்சரி என்ற மற்ற உதவித்தொகை 4,000இலிருந்து 6,500 ஆனது. கிடைக்கும் என்று தெரிந்த பிறகும் முதல் கொடுப்பனவு கைக்கு வர மாதங்கள் ஆகலாம், இடையிலும் பிந்தும். அதை நம்பித் தவணையைக் குறைத்தால் தேவையான நேரத்தில் கையில் ஒன்றும் இருக்காது. அதோடு மகளின் பெயருக்கு வந்த காசு அது. அதைக் கழித்தால், கிடைக்காத மகனுக்கு நீங்கள் கூடக் கொடுக்கிறீர்கள் என்றாகிவிடும். புத்தகம், போட்டோக் கொப்பி, சேமிப்பு என்று அவவே தீர்மானிக்கட்டும்.

ஒரே தொகையா என்ற கேள்விக்கு: ஒரே முறை, வேறு தொகை. மகளுக்குத் தைப்புக் கூலி, சேலைக்குச் சட்டை தைப்பது என்று கூடப் போகும். மகனின் நிறுவனத்தில் கழுத்துப்பட்டியும் நீளக் கைச் சேட்டும் கட்டாயம் என்றால் அவன் பக்கம் கூடும். இரண்டு பட்டியலையும் இரண்டு பேர் முன்னாலும் வைத்துப் போடுங்கள். வித்தியாசம் ஏன் என்று தெரிந்தால் மனக்கசப்பு வராது.

தையல்மேசை:

பேரேடு சொன்ன எண்ணிக்கை சரி. ஆனால் அந்த 2,000 ரூபாய்ச் சட்டை எத்தனை தரம் தோய்ப்புத் தாங்கும் என்று பார்க்காவிட்டால் கணக்கு உடையும். 4,800 ரூபாய் டெனிமைக் கிழமைக்கு இரண்டு தரம் இரண்டு வருடம் போட்டால் ஏறக்குறைய 200 தரம், ஒரு தரத்துக்கு 24 ரூபாய். 1,500 ரூபாய் மேற்சட்டை பதினைந்து தோய்ப்பில் இழுபட்டுப் போனால் ஒரு தரத்துக்கு 100 ரூபாய். மலிவானது எது என்று பிள்ளையையே பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

துணி. இந்த ஈரப்பதத்துக்கும் காலி வீதியில் ஓடும் நெரிசலான 100, 101 இலக்க பஸ்ஸுக்கும் முழுப் பொலியெஸ்டர் ஒத்துவராது. வியர்வையை உறிஞ்சாது, எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துக்கொள்ளும், தோய்த்த பிறகும் கக்கத்தில் மணம் நிற்கும். பருத்தி, லினன், விஸ்கோஸ் நல்லது. விஸ்கோஸ் நனைந்திருக்கும்போது பலம் குறையும், ஆகவே முறுக்கிப் பிழியக் கூடாது. பருத்தியை அயன் பண்ண நேரமில்லை என்றால் பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்தது எடுங்கள்.

கடையில் உடுப்பை உட்பக்கம் புரட்டிப் பாருங்கள். தோள் தையலை இரண்டு கையாலும் மெதுவாக இழுத்தால் நூல் இடைவெளி விட்டுத் தெரியக் கூடாது. ஒரு அங்குலத்துக்குப் பத்துத் தையலாவது இருக்க வேண்டும். சேட்டின் கொலரை விரலால் தேய்த்துப் பாருங்கள். உள்ளே ஒட்டிய பட்டி மேல் துணியோடு நகராமல் தனியாக நழுவினால் இரண்டு தோய்ப்பில் கொப்புளம் போட்டுவிடும். அதை அயன் பண்ணியும் சரிப்படுத்த முடியாது. சிப்பை மூன்று தரம் மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். இழுபடும் டெனிம் என்றால் எலாஸ்ரேன் 1 முதல் 2 வீதம் போதும். அதற்கு மேல் போனால் முழங்கால் சீக்கிரம் தொங்கும். வெந்நீரும் சூடான அயனும் எலாஸ்ரேனைக் கொல்லும்.

ஏற்றுமதி மிச்சமாக வரும் உடுப்புகள் மஹரகம பமுனுவவிலும் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களிலும் கிடைக்கும். தரம் நல்லது, ஆனால் ஏதாவது ஒரு காரணத்தால்தான் மிச்சமாகியிருக்கும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு காசைக் கொடுங்கள். இரண்டு கையும் ஒரே நீளமா, முன் பக்கமும் பின் பக்கமும் ஒரே சாயமா, பொக்கெட் கோணலா, எங்காவது ஊசி ஓட்டையா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். லேபிளில் உள்ள அளவை நம்ப வேண்டாம். வெளிநாட்டு அளவு என்பதால் அங்கத்தைய எம் இங்கே எல் போல இருக்கும். உடுத்திப் பார்க்க விடாத கடைகள் நிறைய இருப்பதால், சரியாக அளவான ஒரு சட்டையை வீட்டில் தட்டையாக விரித்து, கக்கத்திலிருந்து கக்கம், தோளிலிருந்து கீழ் விளிம்பு, கை நீளம் மூன்றையும் அளந்து போனில் எழுதிக்கொண்டு, அளவு நாடாவோடு போகச் சொல்லுங்கள். ஞாயிறும் போயாவும் (பௌர்ணமி விடுமுறை) புறக்கோட்டை மொத்தக் கடைகள் பெரும்பாலும் பூட்டு. கிழமை நாளில் காலை பத்து மணிக்கு முதல் போனால் நின்று பார்க்க இடமிருக்கும்.

தைப்பதானால்: 58 அங்குல அகலத் துணியில் நீளக் கைச் சேட்டுக்கு ஒன்றே முக்கால் மீற்றர், காற்சட்டைக்கு 1.3 மீற்றர். பருத்தி என்றால் தைக்கக் கொடுக்க முதல் ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவையுங்கள், 3 முதல் 5 வீதம் சுருங்கும். உள்துணியையும் அப்படியே செய்ய வேண்டும். மேல்துணியை மட்டும் ஊறவைத்து உள்துணியை விட்டால், முதல் தோய்ப்பில் உள்துணி சுருங்கிச் சட்டை முழுக்கச் சுருக்கம் விழும். பக்கத் தையலில் ஒரு அங்குலம் உள்ளே விடச் சொல்லுங்கள். அளவு மாறினால் புதிது வாங்காமல் அவிழ்த்து விடலாம்.

ஆய்வுகூடக் கோட் விசயத்தில் மலிவு பார்க்க வேண்டாம். முழுப் பருத்தி, முழங்கால் வரை நீளம், நீளக் கை. பொலியெஸ்டர் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். இரண்டு வாங்கினால் ஒன்று தோயும்போது மற்றது இருக்கும். கால் முழுக்க மூடிய சப்பாத்தும் வேண்டும். மலிவுச் சப்பாத்தின் பொலியூரிதேன் அடி இந்த ஈரத்தில் அலுமாரிக்குள் இருந்தபடியே நொருங்கும், ஆகவே மலிவு விற்பனையில் இரண்டு சோடி வாங்கிச் சேர்த்து வைக்காதீர்கள். றபர் அடி, சுற்றித் தைத்தது எடுங்கள்.

கொட்டாஞ்சேனை_வாசி:

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. இருபது வயதுப் பிள்ளைக்கு விருப்ப உடுப்புக்கும் சேர்த்துக் காசு கொடுத்தால் வேலைக்குப் போன பிறகும் வீட்டைத்தான் பார்க்கும். கம்பஸ் பிள்ளைகள் கிழமைக்கு இரண்டு ரியூசன் வகுப்பு எடுக்கிறார்கள், சனி ஞாயிறு கடைகளில் நிற்கிறார்கள். தேவைக்குரிய 27,750ஐப் பெற்றோர் கட்டட்டும், அந்த 8,250ஐப் பிள்ளை உழைக்கட்டும். வருடத்தில் ஒரு மாத ரியூசன் காசு அது. தன் காசில் வாங்கிய சட்டையை மழையில் நனைய விடாது. பெற்றோர் காசு என்றால் கொடியில் மூன்று நாள் கிடக்கும்.

மகனுக்கு இது இன்னும் பொருந்தும், தனியார் நிறுவன வகுப்புகள் பெரும்பாலும் சனி ஞாயிறோ மாலையோதான். பகலில் நேரம் இருக்கிறது.

நாலாம்_வருசம்:

கொட்டாஞ்சேனை அண்ணா, கலைப் பீடத்துக்கு நீங்கள் சொல்வது ஓரளவு சரிவரும். விஞ்ஞான பீடத்தில் காலையில் விரிவுரை, பின்னேரம் செய்முறை, இரவில் அறிக்கை எழுத வேண்டும். முதலிரண்டு வருடத்தில் ரியூசன் வகுப்பு எடுத்தால் அடி விழுவது பெறுபேற்றில். சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவு அந்தப் பெறுபேற்றை வைத்துத்தான். மூன்றாம் வருடத்திலிருந்து உழைக்கச் சொல்வது நியாயம்.

வெள்ளவத்தை ஐயாவுக்கு ஒன்று. 34,000 ரூபாய்க்கும் முதல் கிழமையே வாங்க விடாதீர்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் வாங்கி, மிச்சத்தைக் கணக்கிலேயே வையுங்கள். பீடத்துக்குப் பீடம் உடுப்புப் பழக்கம் வேறு. போன பிறகுதான் எது தேவை என்று தெரியும். குளிரூட்டி ஓடும் விரிவுரை மண்டபத்தில் மூன்று மணித்தியாலம் இருக்க ஒரு மெல்லிய மேலங்கி வேண்டும் என்பது வீட்டில் இருந்து யோசித்தால் வராது. வெள்ளைக் கீழுடுப்பு வேண்டாம், செய்முறை வகுப்பிலும் மழையிலும் ஒரு மாதம் தாங்காது.

இன்னொன்று முக்கியம். சில இடங்களில் சிரேஷ்ட மாணவர்கள் புதுப் பிள்ளைகளுக்கு இன்ன உடுப்புத்தான், இன்ன செருப்புத்தான் என்று கட்டளை போடுவார்கள். ஜீன்ஸ் கூடாது, நீளப் பாவாடைதான், ரீசேட் கூடாது என்று ஒரு பட்டியல் வரும். மகள் வந்து அவசரமாக இரண்டு பாவாடை வேண்டும் என்று கேட்டால், காசைக் கொடுத்துவிட்டு அப்படியே விடாதீர்கள். யார் சொன்னது என்று அமைதியாகக் கேளுங்கள். பீடத்தின் எழுத்து மூல அறிவித்தலில் இருந்தால் அது விதி. சிரேஷ்டர் வாய்மொழியாகச் சொன்னால் அது பகிடிவதை. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பகிடிவதை குற்றம். பிள்ளை பயத்தில் பெயர் சொல்லாது, ஆனால் வீட்டுக்குத் தெரியும் என்பதே பெரிய ஆறுதல். அந்தக் கட்டளைக்காக வாங்கிய உடுப்பைப் பிள்ளையின் தவணையில் கழிக்காதீர்கள்.

தவணை பற்றி: முதல் வருடம் மாதம் மாதம் கொடுப்பது நல்லது என்று நினைக்கிறேன், பேரேடு அக்கா. இதுவரை காசே கையாளாத பிள்ளைக்கு 9,000 ஒரு கிழமையில் போய்விடும், பிறகு பன்னிரண்டு கிழமை காய வேண்டும். மாதம் 3,000, இரண்டாம் வருடத்தில் மூன்று மாதத்துக்கு மாற்றலாம்.

பேரேடு:

தம்பி, மாதம் கொடுப்பதானால் ஒரு நிபந்தனை சேர்க்கிறேன்: மிச்சம் அடுத்த மாதத்துக்குப் போக வேண்டும், பெற்றோர் திருப்பி எடுக்கக் கூடாது. எடுத்தால் மாத முடிவில் எதையாவது வாங்கி முடிக்கத்தான் பழகும்.

மூன்று தவணையில் கட்டும் ஆப்கள் பற்றி யாரும் எழுதவில்லை. வட்டி இல்லை என்பதால் பிள்ளைகள் அதைக் கடனாக எண்ணுவதில்லை. 6,000 ரூபாய் உடுப்புக்கு இன்று 2,000, மற்ற 4,000 அடுத்து வரும் இரண்டு தவணைகளில். ஒரே மாதத்தில் மூன்று கடையில் அப்படி எடுத்தால் அடுத்த மாதத் தவணை மட்டும் 6,000, கையில் இருப்பது 3,000. பிந்தினால் தாமதக் கட்டணம். டெபிற் காட் மட்டும் கொடுங்கள், உங்கள் கிரெடிற் காட்டை அவர்கள் போனில் பதிய விடாதீர்கள். முகநூல் நேரலையில் விற்கும் கடைகளில் பொருள் கைக்கு வந்த பின் காசு கொடுக்கும் முறை இருந்தால் மட்டும் வாங்கச் சொல்லுங்கள். அளவு சரியில்லை என்றால் மாற்றுவார்களா, அனுப்பும் செலவு யாருடையது என்பதை வாங்க முதல் எழுத்தில் கேட்டு வைக்க வேண்டும்.

தொகையை ஒவ்வொரு ஜனவரியிலும் மீளப் பாருங்கள். 2024 ஜனவரியில் வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதமானது போல ஒரு மாற்றம் வந்தால் அதே 9,000க்கு வாங்கக்கூடியது குறைந்துவிடும். அதை உணர்வது பிள்ளை, கணக்குப் பார்க்காத பெற்றோருக்குத் தெரியாது.

வெள்ளவத்தை_அப்பா:

எல்லாருக்கும் மிக்க நன்றி. கட்டிலில் கொட்டி எண்ணியதில் மகளிடம் கம்பஸுக்கு உதவும் மேற்சட்டை நான்கு, மகனிடம் ஆறு. தொகை தெளிவாகிவிட்டது.

இன்னும் இரண்டு. மகள் வாங்க நினைக்கும் சில உடுப்புகளில் மனைவிக்கு விருப்பமில்லை. எங்கள் காசு என்பதால் வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு உரிமை உண்டா? அடுத்தது, கனடாவில் இருக்கும் மாமி வருடம் ஒரு பெட்டி உடுப்பு அனுப்புவா. அதையும் சேலைகளையும் கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

நீதிமன்ற_வீதி:

உரிமை என்று கேட்டதால் சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கையில் பதினெட்டு வயதில் பிள்ளை பராயமடைந்துவிடும். ஆனால் 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் 18 முதல் 25 வயது வரையான பிள்ளைகளையும் கணக்கில் எடுக்கிறது. தன்னைத் தானே பராமரிக்க முடியாத நிலையில் பிள்ளை இருந்து, பெற்றோருக்குப் போதிய வசதி இருந்தும் பராமரிக்க மறுத்தால் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். உங்கள் தம்பி சொல்வது போலப் பதினெட்டு வயதில் ஒரு மதில் சட்டத்திலும் கிடையாது. எந்தச் சட்டை என்பதைச் சட்டம் சொல்லாது. அது நீங்கள் பேசித் தீர்க்க வேண்டியது.

பேரேடு:

என் கருத்து உறுதியானது: தவணையாகக் கொடுத்த காசு மகளுடையது. வீட்டு விதி ஏதாவது இருந்தால், கோயிலுக்கு இப்படி, பெரியவர்கள் வீட்டுக்கு இப்படி என்று இடத்தை வைத்துச் சொல்லுங்கள், இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து, காசு கொடுக்க முதல். வாங்கி வந்த பிறகு கட்டிலில் விரித்து வைத்து விமர்சிக்கக் கூடாது. அப்படிச் செய்த வீடுகளில் பிள்ளை நண்பியின் வீட்டில் உடுப்பை மாற்றிக்கொண்டு போகும். அதன் பிறகு அவ எங்கே போகிறா, யாரோடு போகிறா என்பதையும் சொல்ல மாட்டா. ஒரு சட்டைக்காக அந்தப் பேச்சை இழக்க வேண்டாம் என்று அம்மாவிடம் தயவாகச் சொல்லுங்கள்.

தையல்மேசை:

மாமியின் பெட்டி விசயத்தில், அனுப்ப முதல் மகளின் அளவுகளையும் தேவையையும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அங்கிருந்து வருபவற்றில் பாதி தடித்த துணி, உள்ளே மென்மயிர் போட்டது, இங்கே உடுக்க முடியாது. இங்கே விலை கூடி அங்கே தரம் கிடைப்பது சப்பாத்து, பை, மழை அங்கி, நல்ல உள்ளுடுப்பு. அவற்றைக் கேட்டு வாங்கினால் வீட்டுச் செலவில் உண்மையாகவே குறையும். மற்றதை அன்பளிப்பாக ஏற்றுக்கொள்ளுங்கள், தவணையில் கழிக்காதீர்கள்.

சேலைக்கு: கம்பஸில் வாணி விழா, பொங்கல் விழா, தமிழ்ச் சங்க நிகழ்ச்சி என்று வருடத்தில் சில தரம் வரும், சில நேரம் எல்லாரும் ஒரே நிறம் என்பார்கள். அதற்குப் பட்டு வேண்டாம். அம்மாவின் அலுமாரியில் உள்ள சேலையை எடுத்து, மகளின் அளவுக்குச் சட்டை மட்டும் தைத்தால் போதும். சட்டைத் துணி ஒரு மீற்றர். கறுப்பு, பொன்மஞ்சள், மெரூன் என்று மூன்று நிறத்தில் தைத்து வைத்தால் பெரும்பாலான சேலைக்குப் பொருந்தும். பழைய பட்டுச் சேலையை எடுக்க முதல் மடிப்பு விழுந்த இடங்களை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். வருடக் கணக்கில் ஒரே மடிப்பில் இருந்தால் அந்தக் கோட்டில்தான் கிழியும். சேலையின் கீழ்க் கரைக்கு உட்பக்கம் ‘fall’ என்னும் பட்டித் துணி அடிக்காமல் கொடுக்க வேண்டாம், 100, 101 பஸ் படியில் கரை மிதிபட்டுக் கிழிந்துவிடும். தீபாவளிக்கு முந்திய மாதமும் டிசம்பரும் தையற்கடைகள் நிரம்பி வழியும், ஆகவே ஆறு கிழமை முந்திக் கொடுத்து, ஒரு தரம் உடுத்திப் பார்த்துத் திருத்த நாள் குறித்துக்கொள்ளுங்கள்.